சுவரைக் கேட்கிறீர்கள், பட்டாவைத் தருவீர்களா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் காலனிக்கு நாலு பேர் வந்தார்கள். கையில் சுருட்டிய பெரிய பெரிய தாள்கள். விரித்தால் எல்லாம் வண்ணப் படம். எங்கள் தெருக் கடைசியில் கிடக்கிற காலி இடத்தை அழகாக வரைந்து கொண்டு வந்திருந்தார்கள். நடுவில் புல்தரை, சுற்றிலும் பூச்செடி, பழைய டயரில் வண்ணம் அடித்துப் போட்ட இருக்கைகள், பின்னால் எங்கள் வீட்டுச் சுவர்கள் முழுக்க மயிலும் தாமரையும். மேலே 'சமுதாயக் கலைத் தோட்டம்' என்று எழுதியிருந்தது. செலவு பூராவும் ஒரு பட்டாசு முதலாளி பொறுப்பாம். எங்களிடம் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "உங்க சுவரைக் கொடுங்க."

என் அம்மா முப்பது வருசம் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவள். படத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "ஏய்யா, படம் நல்லாத்தான் இருக்கு. இந்த எடம் யாரு பேருல இருக்கு?"

வந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "அதெல்லாம் பெறகு பாத்துக்கிடலாம்மா" என்றார் ஒருவர். அம்மா விடவில்லை. "பெறகு பெறகுன்னுதான் எங்க மாமியா காலத்துல இருந்து சொல்லிக்கிட்டு இருக்காக" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தோழர்களே, அந்தக் கேள்வியைத் தாண்டி எனக்குச் சொல்வதற்குப் புதிதாக எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை நம் சங்கத்துக்குள்ளேயே இரண்டு தரப்பு மறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறது. ஒரு தரப்பு, "வர்றதை ஏன் விடணும், தெரு சுத்தமாகும், பிள்ளைக விளையாடும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துருவோம்" என்கிறது. இன்னொரு தரப்பு, "ஓவியமாவது தோட்டமாவது, அதெல்லாம் வயிறு நிறைஞ்சவன் பொழுதுபோக்கு, நமக்கு வேண்டியது நிலமும் கூலியும்" என்கிறது. இரண்டு பேரோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கப் போகிறோம் என்பதால் அதை எழுத்திலேயே வைத்துவிடுகிறேன்.

அந்த இடத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் தீப்பெட்டிக் குடோன் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். நான் பார்க்க வேலிக்காத்தான்தான். அச்சாபீஸ் கழிவுத் தாள்களைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். சாமி முகத்தில் பாதி, நடிகை முகத்தில் பாதி, பட்டாசு லேபிளில் ஒரு ஓரம் என்று காற்றில் பறந்து எங்கள் வாசலுக்கு வரும். நாங்கள் படம் பார்க்கக் கற்றுக்கொண்டதே அந்தக் குப்பையில்தான். அது நகராட்சி இடம் என்று சிலர் சொல்கிறார்கள். தனியார் இடம் என்று சிலர் சொல்கிறார்கள். புறம்போக்கு என்று எல்லாரும் சொல்கிறார்கள். காகிதத்தை எடுத்துப் பார்த்தவர் எவரும் இல்லை.

சரி, சுவருக்கு வருவோம். இந்தப் பக்கத்தில் தலித்துக்குச் சுவர் என்றால் என்ன என்று தெரியாமலா கேட்கிறார்கள்? இங்கிருந்து வண்டி எடுத்தால் எட்டுகிற தூரத்தில்தான் மதுரை மாவட்டத்து உத்தப்புரம். 1989-ல் அங்கே தலித் தெருவையும் ஆதிக்கச் சாதித் தெருவையும் பிரித்துச் சுவர் எழுப்பினார்கள். அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட 2008 மே 6 வரை ஆனது. 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு பங்களாவின் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து தலித் குடியிருப்பின் மேல் விழுந்தது. தூக்கத்திலேயே 17 பேர் செத்தார்கள். அந்தப் பதினேழு பேருக்கும் அந்தச் சுவரின் அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாது. சுவர் எப்போதும் அடுத்தவனுடையது, அது விழும்போது மட்டும் நம்முடையது. இப்போது முதல்முறையாக நம் சுவரை ஒருத்தன் மரியாதையாகக் கேட்கிறான். சந்தோசப்படுவதா, சந்தேகப்படுவதா?

சந்தேகப்படத்தான் சொல்கிறேன். ஏனென்றால் இந்தத் திட்டம் நம்ம ஊருக்குத்தான் புதுசு, சென்னைக்குப் பழசு.

ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் இருக்கிறது. கூவம் கரை, அடையாற்றங்கரை, கால்வாய்க் கரை என்று சென்னையின் நடுவில் இருந்த சேரிகளைக் காலி செய்து, அந்தச் சனங்களைக் கொண்டுபோய்க் குவிக்க 2000-ஆம் ஆண்டிலிருந்து குடிசை மாற்று வாரியம் கட்டிய இடம். 23,000-க்கும் மேற்பட்ட வீடுகள். முதலில் கட்டியவை 200 சதுர அடிகூட இல்லாதவை. வேலை மயிலாப்பூரில், பள்ளிக்கூடம் சேத்துப்பட்டில், படுக்கை மட்டும் கண்ணகி நகரில். அந்தச் சனங்களில் பெரும்பகுதி யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'கண்ணகி நகர்' என்று முகவரி சொன்னால் வேலை கொடுக்க யோசிக்கிறான், கடன் கொடுக்க யோசிக்கிறான், போலீஸ்காரன் மட்டும் யோசிக்காமல் தூக்குகிறான். இதை அங்குள்ள பிள்ளைகளே பல தடவை வெளியில் சொல்லியிருக்கிறார்கள்.

2020 தொடக்கத்தில் அந்தச் சுவர்களுக்கு வண்ணம் வந்தது. ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏசியன் பெயின்ட்ஸ் கம்பெனியும் சென்னை மாநகராட்சியும் சேர்ந்து, நாடு நாடாக ஓவியர்களை வரவழைத்து, அடுக்குமாடிச் சுவர்களில் பிரமாண்டமான படங்களை வரைந்தார்கள். 'கண்ணகி ஆர்ட் டிஸ்ட்ரிக்ட்' என்று பேர் வைத்தார்கள். அதற்குச் சில வருசம் முன்பு டெல்லியில் அரசு ஊழியர்கள் குடியிருக்கும் லோதி காலனியில் இதே அறக்கட்டளை இதே மாதிரி செய்திருந்தது.

படங்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பகுதிக் குழந்தைகளின் சிரிப்பையே இரண்டு மாடி உயரத்துக்கு வரைந்திருக்கிறார்கள். வரைய வந்த ஓவியர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. தன் வீட்டுச் சுவரில் வண்ணம் ஏறியபோது சந்தோசப்பட்ட அக்காமார் மேலும் இல்லை. அழுக்குச் சுவரோடு இருபது வருசம் வாழ்ந்தவருக்கு வண்ணம் பிடிக்காமல் போகுமா?

என் கேள்வி வேறு. கண்ணகி நகரில் சுவருக்கு வண்ணம் அடிக்கும் வேலை நடந்துகொண்டிருந்த அதே குளிர்காலத்தில், 2019 டிசம்பர் கடைசியில், சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கூவம் கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகரை இடிக்கத் தொடங்கினார்கள். சத்தியவாணி முத்து யார்? மாநிலத்திலும் மத்தியிலும் அமைச்சராக இருந்த தலித் பெண் தலைவர். அவர் பேரில் இருந்த குடிசைகளைப் பெயர்த்து, சனங்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். பெரும்பாக்கம் கண்ணகி நகருக்கு அண்ணன் தம்பி முறை. ஒரு கையில் தூரிகை, ஒரு கையில் புல்டோசர். இரண்டு கையும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்க வந்தபோது ஒரு முதியவர் தீக்குளித்துச் செத்தார். இத்தனைக்கும் நடுவில் 2021-ல் குடிசை மாற்று வாரியம் தன் பேரை 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாற்றிக்கொண்டது. சுவருக்கு அடித்த மாதிரியே பேர்ப்பலகைக்கும் வண்ணம்.

கண்ணகி நகரின் பேரை உண்மையில் மாற்றியது யார் தெரியுமா? கார்த்திகா என்கிற பெண். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் பெண்கள் கபடியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவள். 'கண்ணகி நகர் கார்த்திகா' என்று ஊர் பேரை முன்னால் போட்டுச் சொன்னாள். எந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காதோ அந்த முகவரியைக் கொடி மாதிரித் தூக்கிப் பிடித்தாள். திரும்பி வந்து என்ன கேட்டாள்? தன் ஊரில் கபடி விளையாட நல்ல மைதானம் கேட்டாள். என் அம்மா கேட்டதும் அதுதான். காலின் கீழே மண்.

இனி 'ஆக்கிரமிப்பு' என்கிற சொல்லைப் பார்ப்போம். எங்கள் காலனிப் பையன்கள் அந்தக் காலி இடத்தில் வேலிக்காத்தானை வெட்டி நாலு வேப்பங்கன்று நட்டபோது, "யாரைக் கேட்டுடா நட்டீங்க, ஆக்கிரமிப்பு கேஸ் போட்ருவோம்" என்று ஒரு அதிகாரி வந்து மிரட்டினார். கன்று நட்டால் கேஸ், முதலாளி புல் நட்டால் கலைத் தோட்டம்.

சண்டிகரில் நேக் சந்த் என்று ஒருவர் இருந்தார். சாலை ஆய்வாளர் வேலை. பிரிவினையில் ஊரை இழந்து வந்தவர். 1950-களின் கடைசியிலிருந்து அரசுக்குச் சொந்தமான காட்டு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் ராத்திரி ராத்திரியாக உடைந்த வளையல், பீங்கான், சிமெண்ட், இடித்த வீடுகளின் கழிவு ஆகியவற்றைச் சுமந்து போய் ஆயிரக்கணக்கில் சிலை செய்தார். 1970-களின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். சட்டப்படி பார்த்தால் இடிக்க வேண்டியது. ஆனால் 1976-ல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, அவருக்குச் சம்பளம் கொடுத்து, உதவிக்கு 50 ஆட்களையும் கொடுத்தார்கள். 1984-ல் பத்மஸ்ரீ. இன்றைக்கு உலகமே வந்து பார்க்கிறது. நேக் சந்தின் உழைப்பை நான் மதிக்கிறேன், குப்பையை உயிராக்கிய மனிதர். நான் கேட்பது அரசைத்தான். அனுமதி இல்லாமல் அரசு நிலத்தில் கலை செய்தவனுக்குப் பட்டம் கொடுக்க முடிகிற உனக்கு, அனுமதி இல்லாமல் அரசு நிலத்தில் குடிசை போட்டவனுக்கு ஒரு பட்டா கொடுக்க ஏன் முடியவில்லை?

சட்டம் ஒன்றுதான், கண்ணுதான் இரண்டு.

இந்த இடத்தில் 'கலை நமக்கு எதுக்கு' என்கிற தோழர்களிடம் திரும்புகிறேன். நீங்கள் சொல்வது நம் வரலாற்றுக்கே எதிரானது. காலி இடத்தில் கலையை நட்டு அந்த இடத்தை நம்முடையதாக்குவது நாம் கண்ட போராட்ட முறை. அதற்கு நாம் 'கலைத் தோட்டம்' என்று பேர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

1892-ல் வெள்ளைக்காரன் அரசாங்கம் டிரமன்கீர் அறிக்கையை வைத்துப் பஞ்சமி நிலம் கொடுத்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர். தலித் அல்லாதவருக்கு விற்கவே கூடாது என்பது அதன் நிபந்தனை. அந்த நிலம் எங்கே போனது என்று கேட்டுச் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் காரணையில் நம் சனங்கள் இறங்கினார்கள். இறங்கியவுடன் என்ன செய்தார்கள்? அண்ணலின் சிலையை நட்டார்கள். சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் செத்தார்கள். மண்ணும் சிலையும் அங்கே இரண்டு கோரிக்கையா? ஒரே கோரிக்கை. சிலை என்பது நமக்குப் பட்டாவுக்கு முன்னால் நடுகிற கல்.

பம்பாயில் பாபாசாகேப்பை எரித்த சைத்ய பூமிக்குப் பக்கத்தில் இந்து மில் என்று மூடிக்கிடந்த ஆலை. அரசுக்குச் சொந்தமான இடம். நினைவிடம் கட்ட நிலம் கொடு என்று மனுப் போட்டுப் போட்டுச் சலித்தார்கள். 2011 டிசம்பர் 6 அன்று தொண்டர்கள் உள்ளே இறங்கி உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த வருசம் டிசம்பரில் 12.5 ஏக்கரைத் தருவதாக மத்திய அரசு அறிவித்தது. நகரத்தின் நடுவில், தங்கத்தை விட விலை கூடின காலி இடம். மனுவால் வரவில்லை, காலால் வந்தது.

இதே தமிழ்நாட்டில் நம் பொதுக் கலைக்கு என்ன மரியாதை? ஊர் ஊராகப் போய்ப் பாருங்கள். அம்பேத்கர் சிலையைச் சுற்றிக் கம்பிக் கூண்டு. பாதுகாப்பாம். 2019 ஆகஸ்ட் 25 அன்று வேதாரண்யத்தில் பட்டப்பகலில் போலீஸ் நிலையத்துக்கு அருகிலேயே சிலையை உடைத்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாக அரசு புதுச் சிலையை வைத்தது. வைத்தது சரி. உடைத்தவன் வெளியில் திரிய, உடைபட்டவர் கம்பிக்குள் நிற்கிற நாட்டில்தான் நம்மிடம் வந்து மயிலும் தாமரையும் வரையச் சுவர் கேட்கிறார்கள். அம்பேத்கரை வரையலாமா என்று நம் பையன் ஒருத்தன் கேட்டதற்கு, "அரசியல் வேண்டாம் தம்பி, எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும்" என்றார்களாம். தாமரை பொதுவாம், அம்பேத்கர் அரசியலாம்!

பொது என்றால் என்ன என்பதை நம் மாவட்டம் நமக்கு நன்றாகவே கற்றுக் கொடுத்திருக்கிறது. 1997-ல் விருதுநகரை மையமாக வைத்து ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்தார்கள். வெள்ளையனை எதிர்த்துச் செத்தவர், நம்மில் பிறந்தவர். அந்தப் பேர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதிகள் கிளம்பின. தென் மாவட்டங்கள் பற்றி எரிந்தன. அரசு என்ன செய்தது? மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலும் இருந்த எல்லாத் தலைவர்கள் பேரையும் அதே வருசம் எடுத்துவிட்டது. காமராசர் மாவட்டம் என்று இருந்தது விருதுநகர் மாவட்டம் ஆனது அப்படித்தான். நம் ஒரு பேரைப் பொதுவில் வைக்கப் பொறுக்காமல் எல்லாப் பேரையும் அழித்த மாவட்டத்தில் நாம் வாழ்கிறோம். எனவே, 'பொதுவா இருக்கட்டும்' என்று எவராவது சொன்னால் யார் பேர் அழிகிறது என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்றையும் இந்த மண்ணிலிருந்தே சொல்ல வேண்டும். நம்மைக் கூலிக்கு வைத்திருக்கிறவர்களின் வரலாறு. நாடார்களைக் கோயிலுக்குள் விடாத காலம் ஒன்று இருந்தது. கமுதிக் கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் தோற்றது. 1899-ல் சிவகாசியையே கொள்ளையடித்தார்கள். அவர்கள் என்ன செய்தார்கள்? விருதுநகரிலும் சிவகாசியிலும் சாத்தூரிலும் பேட்டைகளை உண்டாக்கினார்கள். உறவின்முறை கூடி, விற்கிற சரக்குக்கு இவ்வளவு என்று மகமை பிடித்தார்கள். அந்தக் காசில் 1889-லேயே விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார்கள். கோயில் கதவு திறக்கிற வரை காத்திருக்காமல், பொதுவாக ஒரு மண்ணை வாங்கி அதில் காலை ஊன்றினார்கள். அந்தப் பேட்டைக்குள் நமக்கு என்ன இடம் இருந்தது என்பது வேறு கதை. ஏறினவன் ஏணியை எடுத்துக்கொண்டு போன கதை. ஆனால் பாடம் பாடம்தான். ஒடுக்கப்பட்ட சனம் தலை நிமிர்வதற்குப் பொது இடம் வேண்டும், அதற்குப் பொதுக் காசு வேண்டும், அதன் சாவி தன் கையில் இருக்க வேண்டும். இதைச் செய்து முன்னேறியவர்களின் பேரன் இன்றைக்கு வந்து, "சாவி எங்கிட்ட இருக்கட்டும், சுவரை மட்டும் கொடுங்க" என்றால் எப்படி ஒத்துக்கொள்வது?

அப்படியானால் அந்த இடத்தில் என்ன செய்யலாம் என்கிறாய், என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நம் ஊர் படத்தின் ஊர். இந்தியா பூராவும் மாட்டுகிற காலண்டர் சாமிகள் இங்கேதான் அச்சாகின்றன. பட்டாசுப் பெட்டி லேபிளில் சிரிக்கிற குழந்தை இங்கேதான் அச்சாகிறது. லேபிள் ஒட்டியவை நம் வீட்டுக் குழந்தைகளின் கைகள். 1986-ல் சட்டம் வந்து, 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் சிவகாசி வழக்கில் ஒரு குழந்தையை வேலைக்கு வைத்தால் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிற வரை, விடியுமுன் வருகிற ஆபீஸ் பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போன தலைமுறை ஒன்று இன்றைக்கும் நம் தெருவில் உட்கார்ந்திருக்கிறது. லட்சம் படங்களைத் தொட்ட கைகள் அவை. தன் படம் ஒன்றைத் தானே வரைய அந்தக் கைகளுக்கு ஒரு சுவர் கிடைத்ததா?

செத்தவர்களின் படம் எங்கே? 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 38 பேர் செத்ததாக அன்றைக்குக் கணக்கு. அதில் உள்ளே வேலை பார்த்தவர்கள் மட்டும் அல்ல, காப்பாற்ற ஓடினவர்களும் உண்டு. 2021 பிப்ரவரி 12, அச்சன்குளம். 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம். 2024 மே 9, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. இந்தத் தேதிகள் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு தேதியிலும் நடப்பது ஒன்றுதான். உள்குத்தகைக்கு விட்ட ரூம், அனுமதிக்கு மேல் ஆள், மருந்துக் கலவையில் உராய்வு, ஒரு போர்மேன் கைது, நிவாரணத் தொகை அறிவிப்பு, லைசென்ஸ் தற்காலிக ரத்து. அப்புறம் அடுத்த தீபாவளி. செத்தவர்களில் எல்லாச் சாதியும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் மருந்து ரூமில் யார், கணக்கு ரூமில் யார் என்று பார்த்தால் சாதி தெரியும். இந்த மாவட்டத்தில் நான் சுற்றிய ஊர்களில், வெடியில் செத்த கூலிகளின் பேர்களைப் பொறித்த ஒரு கல்லை நான் பார்த்ததில்லை. ஆலையைத் தொடங்கியவர்களின் பேரில் கல்லூரி இருக்கிறது, தெரு இருக்கிறது, சிலை இருக்கிறது.

அந்தக் காலி இடத்தில் நான் பார்க்க விரும்புவது அந்தக் கல்லை. நம் கரிசலில் செத்தவர்களுக்கு நடுகல் நட்ட மரபு இருக்கிறது. மாடு மீட்டவனுக்குக் கல் உண்டு, சரவெடிக்குத் திரி பின்னினவளுக்கு ஏன் இல்லை? கல்லைச் சுற்றி வேம்பும் பூவரசும் ஆவாரையும் வைப்போம். கம்பெனிப் புல் வேண்டாம், அதற்குத் தண்ணீர் ஊற்ற நம் குடத்தில் தண்ணீர் இல்லை. பின்சுவரில் கட்டை அடுக்கிய அம்மாக்களின் முகங்களை நம் பிள்ளைகள் வரையட்டும். சாயங்காலம் பறை பழகட்டும். 'சாவுக்கு அடிக்கிற மேளம்' என்று சொல்லி நம் கையிலிருந்து எதைப் பிடுங்கினார்களோ, அதை விடுதலைக்கு அடிப்போம். ஓரத்தில் ஒரு படிப்பகம். அண்ணல் நடுவில் நிற்கட்டும், கூண்டு இல்லாமல்.

இதை எழுதும்போதே நம் கூட்டத்தில் நடந்த ஒன்று நெஞ்சைக் குத்துகிறது. சொல்லாமல் விட்டால் நான் எழுதியது பூராவும் பொய்யாகிவிடும். "தோட்டத்தைப் பராமரிக்கிறதுக்குக் கவலை இல்ல, துப்புரவு வேலைக்குப் போற நம்ம அக்காமாரு இருக்காங்கல்ல" என்று ஒரு தம்பி எழுந்து சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. நல்ல களப்பணியாளன். ஆனால் அவன் சொன்ன அக்காமார் யார்? அருந்ததியப் பெண்கள். காலையில் ஊரின் மலத்தையும் குப்பையையும் அள்ளுகிறவர்கள் சாயங்காலம் நம் விடுதலைத் தோட்டத்தையும் பெருக்க வேண்டுமா? அந்த அக்காமார் கூட்டத்தின் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் பேசவில்லை. அந்த மௌனத்தில் ஆதிக்கச் சாதிக்காரனை நான் பார்க்கவில்லை. நம்மைத்தான் பார்த்தேன். பள்ளன், பறையன், சக்கிலியன் என்று நமக்குள் இருக்கிற படிக்கட்டை அப்படியே வைத்துக்கொண்டு, நாலு பக்கமும் பூச்செடி வைத்தால் அது நம் அக்ரகாரம் ஆகிவிடும். துடைப்பம் முறை வைத்து வரும், ஆம்பிளை கைக்கும் வரும். தலைவர் கைக்கு முதலில் வரும். ஒத்துக்கொள்ள முடியாதவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பெண்கள் விஷயமும் அதுதான். ஆபீஸ் விட்டு வந்த பொம்பளை கால் நீட்டி உட்கார நம் தெருவில் ஓர் இடம் இல்லை. ஆம்பிளைகள் சீட்டாடுகிற இன்னொரு மூலையாக அது மாறுவதாக இருந்தால் வேலிக்காத்தானே இருந்துவிட்டுப் போகட்டும்.

கூட்டத்தில் நான் வைக்கப் போகிற தீர்மானம் இது. முதலில் காகிதம். நகர நில அளவைப் பதிவேட்டில் அந்த இடம் யார் பேரில், என்ன வகையில் இருக்கிறது என்று 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட வேண்டும். நீர்நிலை என்று இருந்தால் அதில் கட்ட நாமும் கேட்கக் கூடாது. மனைப்பிரிவு போட்டபோது பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடமாக இருந்தால் அது ஏற்கனவே நம்முடையது, இத்தனை வருசம் குப்பை கொட்டியவனிடம் கணக்குக் கேட்க வேண்டும். இரண்டாவது, பகுதி சபை. 2022 நவம்பர் 1 முதல் நகரங்களில் பகுதி சபைக் கூட்டம் நடத்தத் தொடங்கியிருக்கிறார்கள். கிராம சபை மாதிரி. நம்மில் எத்தனை பேர் போனோம்? அங்கே போய், இந்த இடம் விற்பனைக்கோ குத்தகைக்கோ இல்லை, இந்தக் காலனியின் பொது இடம் என்று தீர்மானம் போட வைக்க வேண்டும். மூன்றாவது, நிர்வாகக் குழு. பாதிப் பேர் பெண்கள், அருந்ததியர் கட்டாயம், சாவி அந்தக் குழுவிடம். நான்காவது, மகமை. வீட்டுக்கு வாரம் 10 ரூபாய். யாரிடம் கற்றுக்கொண்டோமோ அவர்களுக்கே அதைத் திருப்பிக் காட்டுவோம்.

முதலாளி காசு கொடுக்க விரும்பினால் கொடுக்கட்டும். சேவையாக இல்லை, கடனாக. நம் உழைப்பில் அவர் வைத்திருக்கிற பாக்கியில் ஒரு தவணை. பேர்ப்பலகை கிடையாது, திறப்பு விழாவில் நாற்காலி கிடையாது. ஓவியர்கள் வரட்டும். வந்து நம் பிள்ளைகளுக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக் கொடுத்துவிட்டுப் போகட்டும், கஞ்சி ஊற்றி அனுப்புவோம். மயிலை அவர்கள் வீட்டுச் சுவரில் வரைந்துகொள்ளட்டும்.

நான் சொல்வது நடக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கேஸ் வரலாம். கன்றுகளைப் பிடுங்கலாம். நாலு பேர் வேலை போகலாம், ஆபீஸ் வாசலில் "உன் மகன்தான தோட்டக்காரன்?" என்று அம்மாவை நிறுத்தி வைக்கலாம். இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் வெறும் சுவரைக் கொடுத்துவிட்டு வண்ணத்தை வாங்கிக்கொண்டால், நாளைக்கு அந்த வண்ணமே சாட்சியாகிவிடும். 'இவர்கள் சந்தோசமாகத்தான் இருக்கிறார்கள், சுவரைப் பாருங்கள்' என்று சொல்வார்கள்.

தீபாவளி கழிந்து ஆபீஸ்கள் அடைத்திருக்கிற மாதத்தில்தான் நம் சனங்களுக்குக் கை ஓயும். வேலிக்காத்தானை வேரோடு எடுக்க அதுதான் நேரம், மழை ஈரமும் இருக்கும். கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு மண்வெட்டியோடு வாருங்கள். துடைப்பத்தை நான் கொண்டு வருகிறேன். மனுவுக்குப் பதில் வந்திருந்தால் பதிவேட்டின் நகலும் என் பையில் இருக்கும். முதலில் அதை அம்மாவிடம் காட்டிவிட்டுத்தான் உங்களிடம் காட்டுவேன். கேட்டது அவள்.